கொக்கைக் கடைசிக்கு வையுங்கள்

கடதாசி மடிக்கப் பழக வேண்டும் என்று யார் கேட்டாலும் உடனே கையில் கொடுக்கப்படுவது கொக்குத்தான். யூடியூப்பில் தேடினாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும். வடிவான உருவம், சந்தேகமில்லை. ஆனால் முதன்முதலாக மடிக்கிற ஒருவருக்கு அதைப்போல மனத்தை முறிக்கிற சாமான் வேறில்லை. பாதித் தூரம் எல்லாம் ஒழுங்காகப் போகும். அப்புறம் ஒரு இதழைத் தூக்கி நீட்டித் தட்டையாக்கச் சொல்லி ஒரு கட்டம் வரும். அதோடு பிள்ளை தாளைக் கசக்கி எறிந்துவிட்டு விளையாடப் போய்விடும். எப்படியோ முடித்துவிட்ட பிள்ளையும் கேட்கும்: சரி, இதை இனி என்ன செய்யிறது?

என்னுடைய கட்சி வேறு. வீட்டில் மடிக்கத் தொடங்குகிறவர்கள் ஏதாவது வேலை செய்கிற உருவத்தில்தான் தொடங்க வேண்டும். அது தண்ணீர் பிடிக்க வேண்டும், மிதக்க வேண்டும், பாய வேண்டும், இல்லாவிட்டால் எதையாவது போட்டு வைக்கவாவது உதவ வேண்டும். வேலை செய்கிற உருவம் தன் பிழையைத் தானே காட்டிவிடும். கோப்பை ஒழுகினால் மூலை சரியாகப் பொருந்தவில்லை. தவளை பாயாவிட்டால் கடைசி மடிப்பு சோர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருந்து நல்லது, கூடாது என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையே பார்த்து, திருப்பி மடிக்கும்.

நாங்கள் இருப்பது கிளிநொச்சி வட்டக்கச்சியில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் வருகிற பக்கம். வீட்டில் அம்மா, நான், அக்கா குடும்பம். அக்காவின் மூத்தவன் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான், சின்னவள் ஆண்டு மூன்று. மடிக்கிற வேலை இந்த வீட்டுக்குப் புதிதே அல்ல. அம்மா பனையோலையில் பெட்டி இழைப்பார். கூழ் காய்ச்சுகிற நாளில் ஆளுக்கொரு பிளா, அதாவது ஓலைக் கோப்பை, கோலித் தருவார். ஓலை இல்லாவிட்டால் பலா இலையைக் கோலி ஓர் ஈர்க்கைக் குத்திவிடுவார், கரண்டி தயார். விசேஷம் என்றால் குருத்தோலைத் தோரணம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கச்சான் விற்கிறவர் பழைய கொப்பி ஒற்றையைச் சுருட்டி, அடியை ஒரு மடிப்பில் பூட்டி, சரையாக்கிக் கையில் தருகிற வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். பிசின் இல்லை, நூல் இல்லை. அவருடைய விரல்களைக் கவனித்துப் பார்த்தாலே ஒரு பாடம் படிக்கலாம்.

நான் முதலில் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து கடதாசிக் கோப்பை மடித்தபோது அம்மா சொன்னது இது: "உதை நாங்கள் ஓலையில செய்யிறனாங்கள்தானே. சப்பான்காரன் என்னத்தைப் புதுசாக் கண்டவன்? நல்ல தாளையெல்லாம் ஏன் பிள்ளை பழுதாக்கிறாய்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோலுவதும் மடிப்பதும் எல்லா ஊரிலும் உண்டு. ஜப்பானியர் செய்தது அதை எழுதி வைத்தது. பொழுதுபோக்குக்காகக் கடதாசி மடிப்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழைய நூல் 1797இல் கியோத்தோவில் அச்சானது. ஒரே தாளில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கொக்குகளை எப்படி மடிப்பது என்று அது காட்டுகிறது. அதற்குத் தாளை இடையிடையே வெட்டத்தான் வேண்டும். கத்தரிக்கோல் தொட்டால் அது ஒரிகாமி, அதாவது ஜப்பானியக் கடதாசி மடிப்பு, இல்லை என்று சண்டை பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே சதுரத்தில் என்கிற கண்டிப்பெல்லாம் பிறகு வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கலையைத் தூக்கி நிறுத்தியவர் அகிரா யோஷிசாவா. 1911இல் பிறந்து 2005இல் இறந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்த இளவயதில், புதிதாக வந்த தொழிலாளர்களுக்கு வடிவியல் விளங்கப்படுத்தத் தாளை மடித்துக் காட்டியிருக்கிறார். 1954இல் வெளியிட்ட நூலில் ஒரு குறியீட்டு முறையைக் கொண்டுவந்தார். மடிப்பு உள்பக்கம் விழுந்தால் விட்டுவிட்டுப் போகும் கோடு. வெளிப்பக்கம் விழுந்தால் கோடும் புள்ளியுமாக. தாள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு அம்புக்குறி. முதலாவதைப் பள்ள மடிப்பு என்றும் மற்றதை மலை மடிப்பு என்றும் சொல்வார்கள். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத எங்கள் சின்னவள் ஒரு ஜப்பானியப் படத்தைப் பார்த்து மடித்து முடிக்கிறாள் என்றால் அந்த அம்புக்குறிகளால்தான்.

தடித்த தாளை லேசாக ஈரமாக்கி மடிக்கும் முறையும் அவருடையதே. காய்ந்தவுடன் உருவம் விறைத்து அப்படியே நிற்கும். இதைச் சொன்னபோது மட்டும் அம்மா தலையாட்டினார். தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தாத ஓலையை இழைத்தால் முறியும் என்பது அவருக்குத் தெரியாததா?

இனித் தாளுக்கு வருவோம். காணொளிகளில் வருகிறவர்கள் கையில் வைத்திருப்பது 15 சென்ரிமீற்றர் சதுரம், ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை. தேவையும் இல்லை. போட்டோக்கொப்பி கடையில் பிழையாக அடிபட்ட ஏ4 தாள் ஒரு கட்டுக் கிடக்கும், கேட்டால் தருவார்கள். மூத்தவனுடைய பழைய பரீட்சைத்தாள்கள் இருக்கின்றன, அவற்றை மடிப்பதில் அவனுக்கும் ஒரு தனிச் சந்தோஷம். கொப்பி ஒற்றை மெல்லியது, சின்ன உருவங்களுக்கு நல்லது. நாட்கலண்டரில் கிழிக்கிற தாள் இன்னும் நல்லது. கலியாணக் காட் தவளைக்கு. பிறிஸ்டல் போட் எதற்கும் சரிவராது, மடித்த இடத்தில் வெடிக்கும். இறந்தவர் நினைவாக அச்சடித்துக் கொடுக்கிற அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகங்களில் கை வைக்க எங்கள் வீட்டில் அனுமதி இல்லை.

தொண்ணூறுகளில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் விளையாட்டுக்கு ஒற்றை கிழித்தால் அடிதான். போர் நடந்த, பொருளாதாரத் தடைக் காலம். கொப்பியின் கடைசிப் பக்கம் முடிந்து, மட்டையின் உட்பக்கமும் முடிந்த பிறகுதான் அடுத்த கொப்பியைப் பற்றிப் பேச்சு வரும். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. அதனாலோ என்னவோ, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற தாளை மடிக்க இப்போதும் எனக்குக் கை வராது. இரண்டு பக்கமும் எழுதி முடித்ததாக இருக்க வேண்டும்.

தாளுக்கு ஓட்டம் உண்டு, அதைத் தெரிந்துவைத்தால் பாதி வேலை சுலபம். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்துப் பாருங்கள், நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நார்கள் ஒரு திசையில் கூடுதலாகப் படுத்திருப்பதுதான் காரணம். ஓட்டத்தோடு மடித்தால் கோடு கூராக விழும், எதிராக மடித்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். காலநிலையும் சேர்ந்து விளையாடும். மாரியில் தாள் ஈரத்தைக் குடித்துத் துவண்டு கிடக்கும், மடிப்பு நிற்காது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் தாள் மொரமொரவென்று நன்றாக மடியும், ஆனால் விறாந்தையில் இருந்து மடிக்க முடியாது, முற்றம் முழுக்கத் துரத்த வேண்டும்.

புதிதாக மடிப்பவருக்குக் கஷ்டமான மடிப்பு எது என்று கேட்டால், சதுரம் எடுப்பது என்பேன். சதுரம் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் கடைசிக் கட்டத்தில் அது வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஏ4 தாளின் குறுகிய விளிம்பை எடுத்து நீளமான விளிம்போடு சேர்த்து வையுங்கள். ஒரு முக்கோணமும், கீழே ஒரு நீளத்துண்டும் கிடைக்கும். ஏ4இன் அளவு 210க்கு 297 மில்லிமீற்றர் என்பதால் அந்தத் துண்டு 87 மில்லிமீற்றர் அகலம் வரும். எறிந்துவிடாதீர்கள், தவளைக்கு உதவும். துண்டின் எல்லையில் முன்னுக்கும் பின்னுக்கும் மடித்து, நகத்தால் அழுத்தி இழுத்து, ஈர விரலால் கோட்டை ஒருமுறை தடவி, மேசை விளிம்பில் வைத்துக் கிழித்தால் கத்தரிக்கோலுக்கே வேலை இல்லை. மடிக்கும்போது மூலைகளை முதலில் பொருத்திப் பிடித்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரலை ஓட்டுவது என் பழக்கம். ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு போனால் தாள் நழுவும். சீமெந்து நிலத்தைவிடக் கொப்பி மட்டையின் மேல் வைத்து மடிப்பது நல்லது.

முதல் உருவம் கோப்பை. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள், கூர் மேலே, நீளப் பக்கம் கீழே. இடது மூலையைத் தூக்கி வலது சரிவில் எங்கே வைப்பது என்பதுதான் இதில் ஒரே சூட்சுமம். கண் மதிப்பில் வைக்காதீர்கள். முன்தாளை மட்டும் எடுத்து, இடது சரிவு அடிக்கோட்டில் படிகிற மாதிரிக் கீழே கொண்டுவாருங்கள். முழுவதும் அழுத்த வேண்டாம், வலது சரிவில் அந்தக் கோடு முடிகிற இடத்தில் ஒரு சிறு நுள்ளு போதும். திறந்துவிட்டு, இடது மூலையை அந்த நுள்ளில் வைத்து மடியுங்கள். வந்து விழுந்த துண்டின் மேல்விளிம்பு அடிக்கோட்டுக்கு நேராக, சரிவில்லாமல் நின்றால் சரியாக வைத்திருக்கிறீர்கள். தாளைத் திருப்பி மற்ற மூலையையும் எதிர்ப்பக்கம் அதே உயரத்துக்குக் கொண்டுபோங்கள். மேலே இரண்டு தாளாக நிற்கிற கூரில் முன்னால் உள்ளதை முன்பக்கப் பைக்குள் செருகி, பின்னால் உள்ளதைப் பின்பக்கப் பைக்குள் செருகினால் வாய் திறந்து கோப்பையாகும்.

ஏ4இலிருந்து எடுத்த சதுரம் என்றால் ஒரு பிள்ளை குடிக்கிற அளவு தண்ணீர் பிடிக்கும். சில நிமிஷம் தாங்கும், அப்புறம் அடி ஊறிச் சோரும். அதுவரையில் ஒரு துளிகூட ஒழுகாது, ஏனென்றால் அடிப்பகுதியில் தாளுக்கு விளிம்பே இல்லை, எல்லாம் மடிப்பு. குடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஓர் உருவத்துக்கு மட்டும் மை படாத வெள்ளைத் தாள் எடுங்கள். எழுதின தாளில் செய்தால் கச்சான், கடலை போடலாம். இதைத் தண்ணீரோடு பார்த்த பிறகுதான் அம்மா தாளைப் பற்றிக் குறை சொல்வதை நிறுத்தினார். "பிளாவைப் போலத்தான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

கப்பலைப் பற்றி நான் என்ன சொல்வது? மாரியில் முற்றத்தில் வெள்ளம் நின்றால் எந்த வீட்டிலும் யாரோ ஒருவர் அதை மடித்துவிடுவார். ஆனாலும் பலருக்குக் கடைசி இரண்டு கட்டம் மறந்து, தொப்பியோடு நிற்கும். இதற்குச் சதுரம் வேண்டாம், முழு ஏ4 எடுங்கள். குறுகிய விளிம்புகள் இரண்டும் சேரும்படி பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்தை மேலே வையுங்கள். மேல்மூலைகள் இரண்டையும் நடுவுக்கு இறக்கி, கீழே மிஞ்சுகிற பட்டிகளை முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக மேலே மடித்தால் தொப்பி. செய்தித்தாளில் செய்தால் அரிவு வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், ஒரு நாளைக்குத் தாங்கும். இப்போது தொப்பியின் வாயை இரண்டு பெருவிரலாலும் விரித்து, மற்றத் திசையில் தட்டையாக்குங்கள், ஒரு சதுரம் வரும். அதன் திறந்த மூலையை முன்னுக்கும் பின்னுக்குமாக மேலே மடித்து, வருகிற முக்கோணத்தை மறுபடியும் அதேபோல விரித்துத் தட்டையாக்குங்கள். இனி மேலே தெரிகிற இரண்டு மூலைகளையும் பிடித்து, வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தால் கப்பல் கையில் விரியும். நடுவில் நிற்கிற கூர்தான் பாய். இழுக்கிற அந்த ஒரு கணத்துக்காகவே சின்னவள் முந்தின கட்டமெல்லாம் பொறுமையாக இருக்கிறாள்.

அடிப்பக்கத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் இரண்டு மடங்கு நேரம் மிதக்கும். இரணைமடு வான் பாய்கிற நாட்களில் பிள்ளைகளுக்கு வாய்க்காலில் விட ஆசை வரும். விடக்கூடாது. முற்றத்து வெள்ளமும் ஒரு பெரிய சட்டித் தண்ணீரும் போதும்.

தவளைக்கு மேலே சொன்ன 87 மில்லிமீற்றர் துண்டையோ கலியாணக் காட்டையோ எடுக்கலாம். நீளம் அகலத்தைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. துண்டு நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். மேல்மூலை ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்க விளிம்புக்கு மடித்துத் திறந்தால் மேலே ஒரு பெருக்கல் குறி விழும். தாளைத் திருப்பி, அந்தக் குறியின் நடுவால் குறுக்கே ஒரு மடிப்புப் போட்டுத் திறந்து, பழையபடி திருப்புங்கள். குறுக்குக் கோட்டின் இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் மேல்பகுதி தானாகவே ஒரு முக்கோணமாகப் படுத்துவிடும். முதல் தடவை பார்க்கிற பிள்ளை அங்கே சிரிக்கும். முக்கோணத்தின் இரண்டு கீழ்மூலைகளையும் கூரை நோக்கி மேலே மடித்தால் முன்கால்கள். உடம்பின் இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடியைத் தூக்கி முன்கால்கள் வரைக்கும் மேலே மடித்து, அதில் பாதியை மறுபடி கீழே மடியுங்கள். அந்த இசட் மடிப்புத்தான் சுருள்வில். முதுகின் பின்விளிம்பை விரலால் அழுத்தி வழுக்கவிட்டால் பாயும்.

இங்கேதான் தாளின் தடிப்பு விளங்கும். கொப்பி ஒற்றையில் செய்த தவளை ஒரு சின்னத் துள்ளலோடு நின்றுவிடும். கலியாணக் காட்டில் செய்தது கரணமடிக்கும். கடைசி இரண்டு மடிப்பையும் நகத்தால் இறுக்கினால் விசை செத்துவிடும், விரலால் மெதுவாக விட வேண்டும். எங்கள் வீட்டில் போட்டி ஒரு சீமெந்துப் பாளத்தின் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு. பொன் எழுத்துப் போட்ட காட் வேண்டுமென்று இரண்டு பேரும் சண்டை பிடிப்பதால், கலியாண வீடுகள் குறைந்த மாதங்களில் தவளையும் குறைவு.

வீட்டுக்கு நிலையாகப் பயன்படுவது பெட்டி. ஜப்பானில் அரிசி அளக்கிற மரப்பெட்டிக்கு மாசு என்று பெயர், இந்தக் கடதாசிப் பெட்டிக்கும் அதே பெயர்தான். எங்கள் சுண்டு செய்கிற வேலையை அங்கே அது செய்திருக்கிறது. சதுரத்தின் நாலு மூலைகளையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடியுங்கள். வருகிற சிறிய சதுரத்தின் எதிரெதிர் விளிம்புகளை நடுவுக்கு மடித்துத் திறவுங்கள், மற்ற இரண்டையும் அப்படியே. இப்போது எதிரெதிரான இரண்டு மூலைகளை மட்டும் முழுதாகத் திறந்து விடுங்கள். மற்ற இரண்டு பக்கத்தையும் செங்குத்தாக நிமிர்த்தினால் இரண்டு சுவர் நிற்கும். திறந்த பக்கத்தைத் தூக்கும்போது மூலைகளில் முக்கோணம் ஒன்று தானே உள்ளே சாயும், அதைச் சாயவிட்டு நீண்ட காதை உள்ளே மடக்கிப் போட்டால் கூர் நடுவில் போய்ப் படியும். நாலு கூரும் அடித்தட்டில் ஒரு புள்ளியில் சந்தித்தால் பெட்டி சரி.

21 சென்ரிமீற்றர் சதுரத்தில் செய்தால் அடி ஏறக்குறைய 7.4 சென்ரிமீற்றர், உயரம் 3.7. மூடி வேண்டுமென்றால் இதே மாதிரி இன்னொன்று, ஆனால் அடிப்பெட்டிக்கு எடுக்கிற சதுரத்தில் இரண்டு பக்கம் நாலைந்து மில்லிமீற்றர் குறைத்துவிடுங்கள். ஊசி, பொத்தான், அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கிற மிளகாய் விதை, கோயிலிலிருந்து வருகிற விபூதி, எல்லாம் எங்கள் வீட்டில் பரீட்சைத்தாள் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. விதைப் பெட்டியின் வெளியே மூத்தவனுடைய கணிதப் புள்ளி சிவப்பு மையில் தெரிகிறது. அவன் அதைத் திருப்பித் திருப்பி வைப்பான், அம்மா திரும்பவும் முன்னுக்கு வைப்பார்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். "இது சின்னப்பிள்ளையளின்ர வேலை சித்தி" என்று ஒதுங்கி நின்றவனை இழுத்து வந்தது மூன்றில் ஒன்று என்கிற ஒரு சின்னக் கணக்கு. தாளைப் பாதியாக மடிப்பது யாருக்கும் வரும், கால்வாசியும் வரும். அடிமட்டம் இல்லாமல் மூன்றில் ஒன்றை எப்படி எடுப்பது? சதுரத்தின் மேல்விளிம்பின் நடுவில் ஒரு நுள்ளுப் போடுங்கள். கீழ்வலது மூலையைத் தூக்கி அந்த நடுப்புள்ளியில் வைத்து மடியுங்கள். கீழ்விளிம்பாக இருந்தது இப்போது சாய்ந்து போய் இடது விளிம்பை ஓர் இடத்தில் வெட்டும். அந்த இடத்துக்குக் கீழே இருப்பது சரியாக மூன்றில் ஒரு பங்கு, மேலே மூன்றில் இரண்டு.

"எப்படிச் சரியெண்டு சொல்லுறியள்?" என்றான். பைதகரஸ் போட்டுப் பார் என்றேன். சதுரத்தின் பக்கம் 8 என்று வைத்தால் மேலே வலப்பக்கம் மிஞ்சுகிற சிறு முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5. இடப்பக்க முக்கோணமும் அதே வடிவம்தான், அளவு மட்டும் பெரிது. அதில் 3க்கு உரிய பக்கம் இங்கே 4, ஆகவே 4க்கு உரியது 16இன் மூன்றில் ஒன்று. 8இல் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். இதைக் கவனித்துச் சொன்னவர் கசுவோ ஹகா, ஜப்பானில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர். கணித வாத்தியார்கூட இல்லை!

இதில் நம் பக்கத்து ஆளும் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1893இல் சென்னையில் டி. சுந்தரராவ் என்பவர் தாளை மடித்தே வடிவியல் படிப்பிக்கிற ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிறுவர் பள்ளிகளுக்காக ஜேர்மனியரான ஃபுரோபெல் உண்டாக்கிய விளையாட்டுப் பொருட்களில் கடதாசி மடிப்பும் ஒன்று. அதைப் பார்த்துத்தான் தனக்கு எண்ணம் வந்தது என்கிறார் ராவ். சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று வரிசையாக மடித்துக்கொண்டு போகிறார். ஃபெலிக்ஸ் கிளைன் என்ற பெரிய கணிதவியலாளர் அந்நூலைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு 1901இல் அமெரிக்காவிலும் பதிப்பு வந்தது. ஓ.எல். பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் ஏறவில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிற பெற்றோர் ரியூசனுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சதுரத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

எந்தத் தாளையும் ஏழு தடவைக்கு மேல் பாதியாக மடிக்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதாக மூத்தவன் இன்னொரு நாள் பந்தயம் கட்டினான். ஏ4 தாளில் அவன் சொன்னது சரி. ஆனால் 2002இல் பிரிட்னி கலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி 1.2 கிலோமீற்றர் நீளமான கழிவறைக் கடதாசிச் சுருளை 12 தடவை பாதியாக மடித்துக் காட்டினாள். 12 மடிப்பு என்றால் 4,096 தட்டு. அதற்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் தொடங்கினாள். பந்தயத்தில் நான் ஒரு ஐஸ்பழம் வென்றேன்.

கொக்குக்கு வருகிறேன். அதோடு எப்போதும் ஒரு கதையும் கூட வரும். சடாகோ சசாகிக்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது வயது இரண்டு. பத்து வருஷம் கழித்து இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மடித்தாள். தாளுக்கு வழியில்லாமல் மருந்து சுற்றி வந்த தாள்களையெல்லாம் எடுத்து மடித்தாள். 1955 ஒக்டோபர் 25ஆம் திகதி இறந்தாள். ஆயிரம் முடியும் முன் இறந்துபோனதாகப் பரவலாகச் சொல்வார்கள். அவளுடைய குடும்பத்தாரோ ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்கிறார்கள். 1958 மே 5ஆம் திகதி அவளை நினைத்து ஹிரோஷிமாவில் எழுப்பிய சிலைக்கு இன்றைக்கும் உலகெங்குமிருந்து பிள்ளைகள் கொக்குகளை அனுப்புகிறார்கள்.

இந்தக் கதையைச் சின்னவளுக்குச் சொல்ல எனக்கு அவசரமில்லை. வெளியிலிருந்து வந்து பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்குகிறவர்கள் முதல் நாளே கொக்கையும் இந்தக் கதையையும் சேர்த்து எடுத்து விடுவார்கள், நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. குண்டு என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சி கொடுக்க வந்தவர் அல்ல, வீட்டில் இருக்கிற அம்மம்மா. பிள்ளை தானாகக் கேட்கிற வயதில் சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்கும் கொக்கு வெறும் கொக்காகவே இருக்கட்டும், வயலில் நிற்கிறதைப் போல.

கோப்பை, பெட்டி, தவளை மூன்றையும் படம் பார்க்காமல் மடிக்கிற கைக்குக் கொக்கு பெரிய விஷயமில்லை. தவளையில் தள்ளிச் சாய்த்த அதே மடிப்புத்தான் கொஞ்சம் மாறி வரும். சதுரம் 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும், தாள் மெல்லியதாக இருக்கட்டும். பிள்ளைகள் அழுகிற அந்த இதழ் மடிப்புக்கு வருவதற்கு முன், அதில் சேர்கிற மூன்று கோடுகளையும் முன்னுக்கும் பின்னுக்கும் மடித்து நன்றாகப் பழக்கி வையுங்கள். அப்புறம் மேல்தாளைத் தூக்கினால் ஓரங்கள் தாமாகவே உள்ளே வரும். இழுக்கத் தேவையில்லை, இழுத்தால் கூர் கிழியும்.

மூத்தவன் போன கிழமை ஒன்று மடித்து மேசை விளக்கில் கட்டியிருக்கிறான். சின்னவளுக்கு அதில் இன்னும் அக்கறை வரவில்லை. அவளுக்கு இப்போது வேண்டியது மூடி போட்ட பெட்டிக்குள் வைக்க அதைவிடச் சின்னப் பெட்டி, அதற்குள் வைக்க இன்னொன்று. நாட்கலண்டர் தாளில் சதுரம் எடுத்து, அதை நாலாக வெட்டி மடித்துக்கொண்டிருக்கிறாள். விரலால் முடியாத மூலையை ஈர்க்கால் தள்ளலாம் என்று காட்டிக் கொடுத்தது அம்மா.